யாழ்ப்பாணக் கோச்சியில் ஒரு பெரிய உடம்பு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு கோட்டைக்குக் கோச்சியில், அதாவது புகையிரதத்தில், ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எந்த வண்டியில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து ஆறரை மணித்தியாலத்திலிருந்து எட்டு மணித்தியாலம் வரை செல்லும். இந்தப் பாதையைப் பற்றி எழுதியவர்கள் ஆனையிறவின் நீரேரியையும் முறிகண்டிக் கச்சானையும் வன்னிக் காட்டையும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். எனக்கு எழுத மிஞ்சியிருப்பது கதிரையின் அகலம். நான் பருமனான பெண், ஐம்பதை எட்டிக்கொண்டிருப்பவள், அலுவலகக் காரியமாகவும் வீட்டுக் காரியமாகவும் அடிக்கடி கொழும்புக்குப் போய்வர வேண்டியவள். எப்படி இவ்வளவு பருத்தேன் என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. உறவினர் வீட்டுக் கலியாணங்களிலும் சாமத்தியச் சடங்குகளிலும் அதைப் பற்றிப் போதியளவு கருத்துகள் சொல்லப்பட்டுவிட்டன.

பேருந்தில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏ9 வீதியில் இரவிரவாக ஓடும் சொகுசுப் பேருந்துகளில் முன்னால் இருப்பவர் தன் கதிரையைச் சாய்த்ததும் அதன் முதுகு என் வயிற்றோடு வந்து நிற்கும். எழும்பி நிற்க இடமில்லை. சாரதி மனம்வைத்து நிறுத்தும் இடத்தில்தான் கழிவறை. புகையிரதத்தில் எழும்பலாம், நடக்கலாம், இரண்டு பெட்டிகள் தள்ளிப்போய்த் திரும்பி வரலாம். பெரிய உடம்புக்கு ஆறுதல் என்பது இருப்பதில் பாதிதான்; விரும்பிய நேரத்தில் எழும்ப முடிவதில் மற்றப் பாதி இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே, ஆசனம் கிடைக்கும்வரைக்கும் நான் கோச்சியை விட்டுப் பேருந்துக்கு மாறுவதில்லை.

இலங்கையின் பாதை அகலப் பாதை. தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையே 1676 மில்லிமீற்றர்; ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது 1435 மில்லிமீற்றர்தான். பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கிற எங்கள் சொந்தங்கள் ஒடுங்கிய பாதையில் போகிறார்கள், நாங்கள் அகன்ற பாதையில் போகிறோம் என்று பெருமைப்படலாம். ஆனால் தண்டவாளம் விரிந்திருப்பதனால் கதிரை விரிந்துவிடாது. பெட்டியின் அகலத்தை மேடையும் பாலமும் எதிர்ப்பாதையில் வரும் வண்டியும் சேர்ந்து கட்டுப்படுத்துகின்றன. அந்த அகலத்திலிருந்து இரண்டு சுவர்களையும் நடுவழியையும் கழித்துவிட்டு, மிச்சத்தை நான்காலோ ஐந்தாலோ பிரித்தால் வருவதுதான் ஒரு பிரயாணிக்குரிய இடம். ஆகவே எவரும் என்னை மனதில் வைத்துக்கொண்டு கதிரையை ஒடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கும். ஆயினும் அந்தப் பிரித்தலில் எத்தகைய உடம்பு ‘ஒருவர்’ என்று கணக்கிடப்பட்டது என்பது இயற்கை தந்த விதி ஆகாது. ஒரு மேசையில் இருந்து யாரோ எடுத்த முடிவு அது. பெண்ணின் உடம்பு இருக்கும்போது இடுப்பில் விரியும், ஆணின் உடம்பு தோளில் விரியும். இரண்டையும் ஒரே அளவுக்குள் அடக்க முனைகிறபோது இடிபடுவது எப்போதும் கதிரையைவிடச் சற்றே மிகுந்திருக்கிறவர்தான்.

1990 யூன் மாதத்தில் போரினால் வடக்குக்கான புகையிரதப் பாதை நின்றுபோனபோது நான் மெலிந்த பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்கு முன்னர், விடுமுறை நாட்களில், அம்மம்மாவோடு யாழ்தேவி வண்டியில் போயிருக்கிறேன். அம்மம்மா நல்ல பருமன். இன்றைய என்னைவிடவும் பருமன் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் அந்தப் பிரயாணங்களில் அந்தரப்பட்டதாக எனக்கு நினைவே இல்லை. மூன்றாம் வகுப்பில் அப்போது இருந்தவை வாங்குகள், பலர் சேர்ந்து இருக்கும் நீண்ட இருக்கைகள். வாங்கு ஒன்றில் மூன்று பேர் என்று கணக்கு இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் எல்லைக்கோடு கிடையாது. அம்மம்மா தனக்கு வேண்டிய அளவு இருந்துகொள்வார். நான் மிச்சத்தில் ஒடுங்குவேன். மூன்றாவதாக வருகிறவர் மெலிந்தவராக இருந்தால் எல்லாருக்கும் சுகம், பருத்தவராக இருந்தால் நான் யாருடையதாவது மடிக்குப் போவேன். ‘கொஞ்சம் தள்ளி இருங்கோ பிள்ளை’ என்ற ஒரு வசனத்தோடு அகலம் என்பது பேசித் தீர்க்கிற காரியமாக இருந்தது. அந்தப் பேச்சு எப்போதும் இனிமையாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. புகையிலைச் சிப்பத்தையும் முருங்கைக்காய்க் கட்டையும் வாங்கின் கீழே தள்ளிவிட்டு நடந்த சண்டைகளும் நினைவிருக்கின்றன. ஆனால் அந்தச் சண்டைகள் சிப்பத்தைப் பற்றியவை. ஒருவருடைய இடுப்பைப் பற்றியவையாக இருந்ததில்லை.

இருபத்துநான்கு வருடங்களுக்குப் பிறகு, 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி, பாதை திருத்தப்பட்டுக் கோச்சி மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை நீண்டது. வண்டி பார்க்கப்போன சனத்துக்குள் நானும் நின்றேன். திரும்பி வந்த வண்டியும் பழைய வண்டியாக இருக்கவில்லை, அதில் ஏறக் காத்திருந்த நானும் பழைய பிள்ளையாக இருக்கவில்லை. உயர்ந்த வகுப்புகளில் தனித்தனிக் கதிரைகள், அவற்றுக்கிடையே கைப்பிடிகள். அந்தக் கைப்பிடிதான் இந்தக் கட்டுரையின் உண்மையான கதாநாயகன், அல்லது வில்லன். அது மடங்குமானால் நான் சமாளிப்பேன்: பக்கத்தில் இருப்பவர் சம்மதித்தால் இரண்டு கதிரைகளும் சேர்ந்து ஒரு சிறிய வாங்காகிவிடும். மடங்காவிட்டால் அது என் தொடையில் பதிந்து, வவுனியா வருவதற்குள் கன்றிப்போன ஒரு கோட்டைப் போட்டுவிடும். அதைவிட மோசம், அது ஒரு வேலியாக நின்று, அதற்கு அந்தப்பக்கம் போகும் என் சதையை அத்துமீறலாக்கிவிடுகிறது. வாங்கில் அம்மம்மா அகலமானவர். கைப்பிடி போட்ட கதிரையில் நான் அடுத்தவர் காணிக்குள் புகுந்தவள்.

இதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் வீட்டார் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. காசு கூடிய வகுப்பு பெரிய உடம்புக்குச் சுகமான வகுப்பாக இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை. குளிரூட்டிய பெட்டியில் வியர்வை இல்லை, தூசி இல்லை, அது பெரிய காரியந்தான். ஆனால் நிலையான கைப்பிடியோடு எட்டு மணித்தியாலம் இருப்பதற்கும், வாங்கு போட்ட மூன்றாம் வகுப்பில் யன்னலைத் திறந்துவிட்டு இருப்பதற்கும் இடையே தெரிவுசெய்யச் சொன்னால், பங்குனி சித்திரை வெயிலைத் தவிர்ந்த மாதங்களில் நான் வாங்கையே கேட்பேன். ‘இந்த வயசிலை தேர்ட் கிளாசிலை போகப்போறியோ?’ என்று என் தமையன் கேட்டார். அவர் ஒல்லியானவர்.

எந்தக் கதிரையைத் தெரிவுசெய்வது என்பதிலும் எனக்கு ஒரு சாத்திரம் உண்டு. யன்னலோரம் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். சுவர் என்பது வெட்கப்படாத அயலவர், அதில் சாய்ந்தால் அது முகம் சுளிக்காது. ஆனால் யன்னலோரம் இருந்தால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டும். அப்படி எழுப்பத் தயங்கியே மணிக்கணக்காக அசையாமல் இருந்துவிடுவேன். நடுவழியோரம் என்றால் என் ஒருபக்கம் வெளியே வழியலாம், எழும்பலாம். ஆனால் வடை விற்பவரின் கூடையும் போவோர் வருவோரின் பைகளும் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும். நான் இப்போது நடுவழியையே கேட்கிறேன். கூடையில் இடிபடுவது பொருட்டில்லை, வடையும் கைக்கெட்டும் தூரத்தில் வரும்.

பக்கத்துக் கதிரைக்கு யார் வருவார் என்பது கடைசி நிமிடம்வரை தெரியாது. பெண் வந்தால் நிம்மதி. ஆண் வந்தால் இருவருக்கும் சங்கடம், அவர் நல்ல மனிதராக இருந்தால் சங்கடம் இன்னும் அதிகம். எங்கள் ஊரில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்நிய ஆணின் தோள் எட்டு மணித்தியாலம் தன் தோளோடு முட்டிக்கொண்டிருப்பது சாதாரண காரியமில்லை. மெலிந்த பெண்ணுக்கு விலகி இருக்கலாம் என்ற சுதந்திரமாவது உண்டு, எனக்கு விலகுவதற்கு இடமே இல்லை. ஒருமுறை ஓர் இளைஞர் மதவாச்சி வரைக்கும் நடுவழியிலேயே நின்றுகொண்டு வந்தார். ‘தம்பி, வந்து இருங்கோ, உங்கடை சீட் தானே’ என்று சொன்னேன். ‘பரவாயில்லை அன்ரி, நீங்கள் வசதியா இருங்கோ’ என்றார். அவர் மரியாதைக்காகத்தான் நின்றார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெட்டி முழுவதும் அவர் ஏன் நிற்கிறார் என்று பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. மறுநாளே வேறொருவர், சிங்கள மூதாட்டி, அநுராதபுரத்தில் ஏறி என் பக்கத்தில் இருந்துகொண்டு, நான் ஒடுங்க முயல்வதைக் கண்டதும் ‘கமக் நே துவ’ (பரவாயில்லை மகளே) என்று சொல்லிக் கைப்பிடியை மடித்துவிட்டு, தன் தலையை என் மேற்கையில் வைத்து நித்திரையாகிவிட்டார். கோட்டை வரும்வரை அந்தக் கையை நான் அசைக்கவில்லை, கை விறைத்துப்போனது வேறு கதை.

அப்படியானால் இரண்டு ஆசனம் எடுத்துவிட வேண்டியதுதானே என்று சொல்வார்கள். செய்து பார்த்திருக்கிறேன். தங்கையின் பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. தங்கை வரமாட்டாள் என்பது இருவருக்கும் முன்னமே தெரியும். ரிக்கற்றுக்கு இரட்டைக் காசு கொடுப்பதைப் பற்றி நான் முறைப்படவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதற்கு ஊரின் ஒத்துழைப்பு வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு பிரயாணம். முற்பதிவுப் பெட்டியிலும் சனம் வந்து நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவளுக்கு முன்னால் நான் ஒரு முழுக் கதிரையை, பார்ப்பவர் கண்ணுக்கு வெறுமையாக இருக்கும் கதிரையை, வைத்துக்கொண்டிருந்தேன். அது வெறுமையாக இல்லை. என் இடுப்பின் கால்வாசி அதில்தான் இருந்தது. ஆனால் இதை எந்த மொழியில், எந்தக் குரலில் ஒரு பெட்டி முழுவதற்கும் விளக்குவது? ‘பிள்ளை, வந்து இரும்’ என்று கூப்பிட்டேன். அவள் ஓர் ஓரமாக இருந்தாள், குழந்தையின் கால்கள் என் மடியில் கிடந்தன, கொடிகாமம் வரையும் நாங்கள் மூன்று பேரும் இரண்டு கதிரைகளில் வந்தோம். அந்த ஏற்பாட்டில் எனக்கு வருத்தமில்லை. ஆயினும் இரட்டைக் கட்டணம் என்பது பிரச்சினையைத் தீர்க்கும் என்று சொல்பவர்கள், எங்கள் நாட்டில் நின்று வருகிறவர்கள் இருக்கும்வரை ஒருவருக்கு இரண்டு கதிரை என்பது மனச்சாட்சிக்கு எதிராகவே நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாள் வேறொரு விடயத்தைச் சொன்னாள், தேடிப் பார்த்தேன், உண்மைதான். கனடாவின் போக்குவரத்து முகமை 2008 ஜனவரியில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது: உள்நாட்டு விமானங்களில், பருமனால் செயற்பாட்டு இயலாமை உடையவராகக் கருதப்படும் ஒருவருக்கு இரண்டு இருக்கைகள் தேவைப்பட்டால் அவரிடம் ஒரு கட்டணந்தான் வாங்கவேண்டும். ‘ஒரு நபருக்கு ஒரு கட்டணம்’ என்பது அதன் சாரம். விமான நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டன. அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதே வருடம் மறுத்துவிட்டது. நான் இதைப் படித்துச் சந்தோசப்பட்டேன், அதேநேரம் ஒரு சொல்லில் தடக்குப்பட்டு நின்றேன்: இயலாமை. எங்கள் நாட்டின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க வந்த சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டினால் வாழ்க்கையின் தேவைகளைத் தானாகவே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்ற போக்கில்தான் வரைவிலக்கணம் கூறுகிறது. என் தேவைகளை நான் நிறைவேற்றிக்கொள்கிறேன். என் சம்பளத்தில் ஒரு வீடு நடக்கிறது. கதிரைக்கு வெளியே நான் இயலாதவள் இல்லை. ஆகவே அந்தக் கனடியத் தீர்ப்பின் பயனை விரும்பினாலும், அதை அடையும் வாசல் எனக்குப் பொருந்தவில்லை. வைத்தியரின் கடிதத்தோடு ஒரு கதிரை கேட்பதைவிட, கடிதமில்லாமலே எல்லாருக்கும் மடங்கும் ஒரு கைப்பிடி கேட்பது எனக்கு உவப்பானது.

இந்தியாவில் கதிரை அகலத்தின் சிக்கல் வேறுவிதமாகத் தீர்ந்தும் தீராமலும் இருக்கிறது. கோயில் தரிசனத்துக்காகச் சென்னையிலிருந்து தெற்கே போனபோது படுக்கைப் பெட்டியில் ஏறினேன். பகலில் கீழ்ப்படுக்கை என்பது நாங்கள் பறிகொடுத்த அந்தப் பழைய வாங்குதான். மூன்று பேர் சேர்ந்து இருக்கலாம், எல்லைக்கோடு இல்லை. இரவு பத்து மணிக்கு நடுப்படுக்கையைத் தூக்கி மாட்டியதும் கீழே இருப்பவர் நிமிர்ந்து இருக்க முடியாது. ஆனால் படுக்கலாம், படுத்த உடம்புக்கு அயலவர் இல்லை. நடுவிலும் மேலேயும் ஏறுவது என்னால் ஆகாது. சிறிய இரும்புப் படிகளில் காலை வைத்து உடம்பைத் தூக்குவது ஒருபுறம். கீழே படுத்திருப்பவர் சங்கிலியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் பார்வை மறுபுறம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்குவதற்கு அங்கே ஒரு பங்கு இருக்கிறது. வயதாவதில் எனக்குக் கிடைத்த முதல் இலாபம் அது.

உடம்பைப் பற்றி இன்னும் ஒரு விடயம் சொல்லவேண்டும், ஏனெனில் இதைப் பெண்கள் தங்களுக்குள்ளும் சொல்வதில்லை. ஓடும் வண்டியின் கழிவறை ஒடுக்கம். கதவை உள்ளே நின்று சாத்துவதற்கே என்னைப் போன்றவர் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் சேலையையும் பிடித்து, ஆடும் தரையில் காலையும் ஊன்றி நிற்பது ஒரு வித்தை. இதற்குப் பயந்து பலர் முதல்நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பிரயாணம் செய்வது, அது விமானமோ புகையிரதமோ பேருந்தோ காரோ, காலின் ஆழ்நாளத்தில் குருதி உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது; பருமனானவர்களுக்கு அந்த வாய்ப்பு மேலும் கூடும் என்றும் சொல்கிறது. சுகதேகிகளில் இது அரிது, ஏறத்தாழ ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு. அரிது என்பதற்காக நான் கவலையீனமாக இருப்பதில்லை. தண்ணீர் குடிக்கிறேன், குதிக்காலை ஊன்றி விரல்களைத் தூக்கியும், விரலை ஊன்றிக் குதியைத் தூக்கியும் கெண்டைக்காலை வேலைவாங்குகிறேன், பெரிய நிலையங்களில் வண்டி நிற்கும்போது எழும்பி நடக்கிறேன். வண்டி நிற்கும் நேரத்தில் கழிவறைக்குப் போவது வசதி, ஆனால் கழிவு தண்டவாளத்திலேயே விழும் பெட்டிகளில் அது நாகரிகமில்லை. அதனால் நிலையத்தைத் தாண்டி வேகம் பிடிப்பதற்கு முன்னுள்ள அந்தச் சில நிமிடங்களைக் குறிவைத்துப் போகிறேன்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: பருத்தி, தளர்வு, உள்ளே முழங்கால் வரையான காற்சட்டை. வெயிலில் தொடைகள் உராய்ந்து புண்ணாவதைத் தடுக்க ஏறும் முன்னரே தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வேன், பவுடர் வியர்வையில் கட்டியாகிவிடும்.

ஏறுவதும் இறங்குவதும் தனி அத்தியாயம். மேடை தாழ்வாக இருக்கும் நிலையங்களில் முதற்படி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தால்தான் என்னால் ஏற முடியும். ஆகவே கையில் பை இருக்கக்கூடாது. தோளில் குறுக்காகப் போட்ட ஒரு பை, மற்றதெல்லாம் கூட வருகிறவரிடமோ, தனியாக வந்தால் வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு தம்பியிடமோ. இறங்கும்போது முகத்தை வண்டிப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குகிறேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். முழங்கால் அதற்கு நன்றி சொல்லும்.

சென்னையில் செய்து வந்த வண்டிகள், சீனாவிலிருந்து வந்தவை, ருமேனியாவிலிருந்து வந்த பெட்டிகள் என்று இந்தத் தீவின் பாதைகளில் பல வகை ஓடுகின்றன, ஒவ்வொன்றின் கதிரையும் ஒவ்வொரு அளவு. என் கைப்பையில் தையற்காரரின் அளவுநாடா ஒன்று இருக்கிறது. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையே இரண்டு விரற்கடை வரை வித்தியாசம் கண்டிருக்கிறேன், எனக்கு அந்த இரண்டு விரற்கடைதான் வலிக்கும் பிரயாணத்துக்கும் வலிக்காத பிரயாணத்துக்கும் உள்ள தூரம். ஆசனம் பதிவுசெய்யும்போது வகுப்பும் கட்டணமும் புறப்படும் நேரமும் தெரிகின்றன. அதே இடத்தில் இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும்: இருக்கையின் அகலம் எத்தனை சென்ரிமீற்றர், நடுக் கைப்பிடி மடங்குமா மடங்காதா. முழங்காலில் பத்துப் போட்டவருக்கும், கர்ப்பிணிக்கும், ஆறடி உயரமான ஆளுக்கும், பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கும் அந்த இரண்டு வரிகள் உதவும். அதுவரைக்கும் நாடா என் பையில் இருக்கும். நான் அளந்த அளவுகளைக் கேட்டு உறவுக்காரப் பெண்கள் சிலர் தொலைபேசி எடுக்கிறார்கள். என் பருமனைப் பற்றிக் கலியாண வீடுகளில் கருத்துச் சொன்னவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.